ராத்திரி எட்டு மணிக்கு மேல் போடு

செல்லூர், மதுரை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது பரவாயில்லை, இடது கால்தான் இன்னும் இழுக்கிறது. போனில் கூப்பிட்டால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

நேற்றுத் தறிவீட்டுப் பிள்ளை அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, "அவன் நல்லா இருக்கானாம்மா?" என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள். உன் சுகத்தை அவன் என்னிடம் கேட்கும்படி ஆகிவிட்டதா? சித்திரையில் நீ வந்தபோதே பார்த்தேன். அழகர் எதிர்சேவைக்கு அவன் வந்து கூப்பிட்டும், தலைவலி என்று படுத்துக்கொண்டாய். உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு போன் போடு, அவ்வளவுதான்.

2024 ஐப்பசி மழையன்று, "கொஞ்சம் தண்ணி வந்துச்சு" என்றுதான் உன்னிடம் சொன்னேன். அது முழுசும் இல்லை. 15 நிமிஷத்தில் 4.5 சென்டிமீட்டர் என்று டிவியில் சொன்னார்கள். பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, சாக்கடையும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பாவைக் கட்டில்மேல் உட்காரவைத்துவிட்டு நான் அழுதுகொண்டு நின்றேன். இடுப்பளவு தண்ணீரில் அவன்தான் வந்தான். அப்பாவை முதுகில் சுமந்து, அவன் சித்தப்பா வீட்டு மாடியில் கொண்டுபோய் விட்டான். திரும்பவும் போய், உன் சர்டிபிகேட் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தான். அவன் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஏறி, பாவு நூல் முழுக்க வீணாய்ப் போனது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அவனாகச் சொல்லவே இல்லை.

நீ மாசம் தவறாமல் பணம் அனுப்புகிற பிள்ளை. தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நீ அனுப்பிய பணமா அப்பாவைத் தூக்கியது? கோபப்படாதே. அவனுக்குப் போன் போடு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மேலவீட்டுப் பெரியம்மாவை உனக்கு லேசாக நினைவிருக்கும். நீ கைக்குழந்தையாக ஜன்னி கண்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்று ராத்திரி வராந்தாவில் துண்டை விரித்து எனக்குத் துணையாகப் படுத்திருந்தார்கள். செலவுக்குக் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார்கள். அதை மீட்டுக் கொடுக்க எனக்குப் பதினோரு மாசம் ஆனது. அதுவரை காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தார்கள். குழாயடியில் அந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அவர்கள் தண்ணீர் பிடித்துப் போன பிறகு போக ஆரம்பித்தேன். தோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்றியவர்களைப் பார்த்தாலே தெருவை மாற்றிப் போனேன். மகள் வீட்டோடு திருமங்கலம் போகும்போது வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன். அப்புறம் சாவுக்குத்தான் போனேன். நான் செய்த பாவம் அது, தம்பி. இன்றைக்கும் வேப்பங்குச்சியைப் பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது.

நீயும் அவனிடம் கைமாற்று வாங்கிவிட்டு, கொடுக்க முடியாமல் ஒதுங்குகிறாயோ என்று ராத்திரியெல்லாம் ஓடியது. வேலையில் ஏதாவது சிக்கலோ என்றும் தோன்றியது. அப்படி எதுவும் இல்லை என்றால் அம்மா நினைத்ததை மன்னித்துக்கொள். இருந்தால், என் சீட்டு தையில் முடிகிறது, 40,000 கைக்கு வரும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் அவனோடு பேசு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பகலில் தறிச் சத்தத்தில் அவனுக்குப் போன் கேட்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போடு. எடுக்காவிட்டால் மறுபடியும் போடு.

அம்மா