அந்தத் 'தானாகவே' என்ற சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2030-க்குள் தமிழகம் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக வளரும்போது "சிறு தொழில்களும் தானாகவே பயன்பெறும்" என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தத் 'தானாகவே' இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. கோவை கணபதியில் இருபத்தாறு வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். எங்களுக்கு எதுவும் தானாக வந்ததாக எனக்கு நினைவில்லை.

2012 மார்ச்சில் தமிழக அரசின் 'தொலைநோக்குத் திட்டம் 2023' வெளியானது தங்களுக்குத் தெரியும். உள்கட்டமைப்பில் மட்டும் 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்றார்கள். நானும் நம்பினேன். அதே வருடம்தான் கோவையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு லைட் எரிந்தால், பட்டறையிலேயே படுத்திருக்கும் ஆட்களைத் தட்டி எழுப்புவேன். டர்னிங் (கடைசல்) பாதியில் நின்றுபோன பம்ப் ஷாஃப்டை மறுபடி ஓட்டினால் சில சமயம் அளவு தப்பிவிடும். பிறகு அது ஸ்கிராப்தான். கூலியும் கிடைக்காது, மெட்டீரியல் காசையும் என் பில்லில் கழித்துவிடுவார்கள். 2023-ம் வந்து போனது. சொன்னதில் எது நடந்தது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அந்த 2023-ல் எங்களுக்கு நினைவிருப்பது செப்டம்பர் 25. மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மாநிலம் முழுக்கப் பட்டறைகளை அடைத்தோம். அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம், என்னைப் போல மின் இணைப்பின் அளவு 50 கிலோவாட்டைத் தாண்டியவர்களுக்கு 150 ஆனது. என்னுடையது 60 கிலோவாட். மாதம் 2,100 கட்டியவன் 9,000 கட்ட வேண்டியதாயிற்று. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது உண்டு. கரண்ட் தேவை கூடும் நேரத்துக்கு வாங்கும் உச்ச நேரக் கட்டணம் வேறு. போராடிய பிறகுதான் அதைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

பெரிய முதலீடுகளுக்கு நான் எதிரி இல்லை. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடிக்கு ஒப்பந்தம் என்ற செய்தியைப் படித்து உண்மையாகவே மகிழ்ந்தேன். எங்கள் வீதிப் பிள்ளைகளுக்கும் அதில் வேலை கிடைக்கும். ஆனால் எனக்கு ஜாப் ஆர்டர் தரும் ஒரு பெரிய கம்பெனி, முடித்துக் கொடுத்த வேலைக்கு நாலு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறது. 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது. போன தீபாவளிக்குப் போனஸ் போட மனைவியின் வளையலை அடகு வைத்தேன். என் மகன் இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பட்டறைப் பக்கமே வருவதில்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

2022 ஆகஸ்ட் மாத மின்கட்டண ரசீதையும், கட்டணம் கூடிய பிறகு வந்த ரசீதையும் இத்துடன் நகலெடுத்து வைத்திருக்கிறேன். தலையங்கம் வந்த அதே பக்கத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், 'தானாகவே' என்ற அந்த ஒரு சொல்லுக்காவது திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.