பொழுது மிச்சமிருந்தால்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், செட்டிநாட்டை இரண்டே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. கானாடுகாத்தான் வீட்டு முகப்பு, ஆத்தங்குடிக் கல், வாழையிலையில் வெள்ளைப் பணியாரம், எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. கடைசிப் பத்தியில்தான் வினை. "பொழுது மிச்சமிருந்தால் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தையும் எட்டிப் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார் தங்கள் கட்டுரையாளர். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் பேருந்து நடத்துனராக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் திருப்பத்தூர், மேலூர், மதுரைத் தடம்தான். அந்தச் சரணாலயம் இருக்கிற கொள்ளுகுடிப்பட்டி விலக்கில் எத்தனை ஆயிரம் தடவை விசில் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. போதாததற்கு என் மனைவி பிறந்த ஊரும் அதுவே. ஆகவே எட்டிப் பார்த்தவன் இல்லை நான், பெண் எடுத்தவன்.

தலைதீபாவளிக்குப் போனபோது புது மாப்பிள்ளை முறுக்கில் ஒரு பெட்டி நிறைய சிவகாசி வெடி வாங்கிக்கொண்டு போனேன். அணுகுண்டு மட்டும் நாலு பாக்கெட். என் மாமனார் வாசலிலேயே பெட்டியை வாங்கினார், உள்ளே கொண்டுபோய்ப் பரணில் வைத்தார். "மாப்பிள்ளை கோவிச்சுக்கிறப்படாது. இங்கன வெடிக்கிறதில்லை. கூடு கட்டிக்கிட்டிருக்குதுக" என்றார். யார் கூடு கட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே ஒரு நிமிஷம் ஆனது. அன்று காலை கருக்கலில் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போனார். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலையைவிடப் பறவை அதிகம். நத்தைகுத்தி நாரை, இராக்கொக்கு, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு எது எது என்றே பிடிபடவில்லை. வெடிப்பெட்டி மூன்றாம் நாள் என்னோடேயே திரும்பி வந்தது. என் தம்பிகள் கேலி செய்தார்கள். சரி, அது வேறு கதை.

தீபாவளி மட்டுமல்ல. கல்யாணம், திருவிழா, கேதம், எதற்கும் அந்த ஊரில் வெடி கிடையாது. அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது 1977-ல். ஊர்க்கட்டுப்பாடு அதற்கு முந்தியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தீபாவளிக்கு வனத்துறையினர் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய்களும் சேர்ந்து சுமார் 38 ஹெக்டேர்தான். அந்தப் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரம் கம்மியாகப் போட்டால் போதும் என்பார் மாமனார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. வருஷா வருஷம் தீபாவளிக்கு மறுநாள் தங்கள் பத்திரிகையிலேயே 'பட்டாசு வெடிக்காத கிராமம்' என்று பெட்டிச் செய்தி போடுகிறீர்கள். தீபாவளிக்குத் தியாக கிராமம், கோடை விடுமுறைக்கு மிச்சப் பொழுது.

கோடை என்றதும்தான் அடுத்த வயிற்றெரிச்சல். கட்டுரை வந்தது மே மாதம். மே மாதத்தில் வேட்டங்குடியில் என்ன இருக்கும் என்று யாரும் கேட்கவில்லையா? வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால் பறவை வரும். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் கூடும் குஞ்சுமாக இருக்கும். மழை பொய்த்த வருஷம் அதுவும் இல்லை. கத்திரி வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும்.

சாமி கும்பிட நானும் என் மனைவியும் இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தோம். ஒரு கார் வந்து நின்றது. கோயம்புத்தூர்க் குடும்பம். கணவன், மனைவி, ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை. பிள்ளையின் கழுத்தில் புத்தம் புதிய பைனாகுலர். "பறவையெல்லாம் எங்கேங்க?" என்று அந்த மனிதர் கேட்டார். இப்போது இல்லைங்க என்றேன். நம்பவில்லை. செல்போனில் தங்கள் கட்டுரையைக் காட்டி, "பேப்பர்ல போட்டிருக்காங்களே!" என்றார். நான் என்ன பதில் சொல்ல? அந்தப் பிள்ளை அதற்குள் எருமை முதுகில் உட்கார்ந்திருந்த ஓர் உண்ணிக்கொக்கை பைனாகுலரில் பிடித்துவிட்டது. "தாத்தா, இதுதான் வெளிநாட்டுப் பறவையா?" என்றது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யில் பாதியைத் தங்கள் கட்டுரையாளர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதியும் பத்திரிகைகளுக்கே சேரும். சைபீரியாவிலிருந்து வருகிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது என்று எழுதி எழுதிப் பிள்ளைகளை அப்படி ஆக்கி வைத்திருக்கிறீர்கள். வேட்டங்குடியில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்தாம். தண்ணீர் இருக்கும் இடம் தேடி வருகின்றன. பாஸ்போர்ட் இல்லாத பறவை என்றால் மரியாதை இல்லையோ?

திருமயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'சோழர் காலக் கோட்டை, அரை மணி நேரம் போதும்' என்கிறது கட்டுரை. கருங்கல்லைக் கண்டால் சோழர் என்று எழுதிவிட வேண்டியதுதானா? அது 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. கோட்டை உச்சிக்கு ஏறிப் பீரங்கியைப் பார்த்து இறங்கவே அரை மணி ஆகும். அடிவாரத்தில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோவில், பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒரு கோவில், அடுத்தடுத்து. அவற்றைப் பற்றி மூச்சில்லை. அங்கிருந்து வேட்டங்குடிக்குப் 'பக்கம்தான்' என்று வேறு எழுதியிருக்கிறார். டிக்கெட் கிழித்தவன் சொல்கிறேன், காரில் போனாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

வழியில் வரும் எங்கள் திருப்பத்தூர், மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ல் தூக்கிலிட்ட ஊர். கட்டுரையில் அது வெறும் 'டீ குடிக்க நல்ல இடம்'. வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு எங்கள் ஊர் தங்களுக்கு இன்னும் மறந்துவிட்டது போலும். முன்பு ஒருமுறை எங்கள் ஊர்ச் செய்திக்கு ஏலகிரி மலைப் படத்தைப் போட்டிருந்தீர்கள். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, அதனால் என்ன.

போன தை மாதம் வேட்டங்குடிக் கண்மாய்க்கு இளவட்டங்கள் சிலர் டிரோன் கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். தாய்ப்பறவைகள் கலைந்து எழுந்தன. கூட்டில் முட்டையும் குஞ்சும் தனியாகக் கிடந்தால் காக்கைக்குக் கொண்டாட்டம். என் மைத்துனர் போய்க் கையைக் கூப்பி நிறுத்தச் சொன்னார். "பத்து நிமிஷம் எடுத்துட்டுப் போயிடுறோம் அங்கிள்" என்று பதில் வந்தது. அவர்களும் எட்டிப் பார்க்க வந்தவர்கள்தாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு மூலையில் இரண்டு வரி: வேட்டங்குடிக்கு நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போகவும், கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பவும். இடம் இருந்தால், சிவகங்கை மாவட்டம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தால் நானே தங்களுக்கு ஓர் அஞ்சலட்டை போடுகிறேன். கட்டுரையாளரை அனுப்பி வையுங்கள். விலக்கில் இறங்கினால் நான் வந்து கூட்டிப் போகிறேன். காரில்தான் வருவார் என்றால் ஆரன் மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துனர்,
திருப்பத்தூர் (மறுபடியும் சொல்கிறேன், சிவகங்கை மாவட்டம்)