முதலில் நேரசூசியைக் கேட்டு வாங்கு

கொழும்பு 13

அன்பின் மகேந்திரன்,

உன் கடிதம் கிடைத்தது. பழைய மாணவர் சங்கம் சேர்த்த காசில் பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்டுவதா, அரச நியமனம் இல்லாத இரண்டு தொண்டர் ஆசிரியர்களுக்கு மாதாமாதம் கொடுப்பனவு கொடுப்பதா என்று கனடா ஸ்காபரோக் கூட்டத்தில் இழுபறிப்பட்டதை எழுதியிருந்தாய். கடைசியில், "அரசாங்கம் இனிச் செய்யாது, நாங்கள்தான் செய்ய வேணும்" என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் விசேட குழு அறிக்கை 1943இல் வந்து, 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றானது உனக்குத் தெரிந்ததே. ஆனால் கட்டணத்தை நிறுத்தினதோடு அவர்கள் ஓயவில்லை. பிள்ளை இருக்கிற பக்கத்துக்கே நல்ல பாடசாலை போக வேணும் என்று, நகரங்களுக்கு வெளியே 54 மத்திய மகா வித்தியாலயங்களை எழுப்பினார்கள். வசதியில்லாத பிள்ளைகளை அந்த விடுதிகளில் சேர்த்துப் படிப்பிக்கவே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வந்தது. இன்று அதே பரீட்சையின் வெட்டுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் அயல் பாடசாலையை விட்டுப் பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். காலை ஆறு மணிக்கு மட்டக்குளியிலிருந்து புறப்படுகிற பாடசாலை வான், எத்தனை சின்னப் பாடசாலைகளைத் தாண்டிப் பம்பலப்பிட்டிக்குப் போகிறது என்று எண்ணிப் பார். பாடசாலையில் காசு வாங்குவதில்லை. வான்காரரும் ரியூசன் மாஸ்டரும் வாங்குகிறார்கள்.

பிள்ளை போனால் பாடசாலைக்கு என்ன நடக்கிறது என்பதை உன் சங்கத்தார் விளங்கிக்கொள்ள வேணும். ஆசிரியர் ஆளணியை, அதாவது எத்தனை ஆசிரியர் என்பதை, பிள்ளைகளின் தொகையையும் வகுப்புப் பிரிவுகளையும் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தரம் 6இல் இரண்டு பிரிவு இருந்த இடத்தில் ஒன்றானால் பாடவேளைகள் பாதியாகும். வாரத்துக்கு நான்கைந்து பாடவேளைக்காக ஒரு சங்கீத ரீச்சரையோ தகவல் தொழில்நுட்ப ஆசிரியரையோ வைத்திருக்க விடமாட்டார்கள், இடமாற்றம் வரும். அந்தப் பாடம் இல்லாத பாடசாலையைப் பெற்றோர் விரும்புவார்களா? அடுத்த வருடம் இன்னும் பத்துப் பிள்ளைகள் குறையும். கற்பித்தல் பொருட்களுக்கு அரசாங்கம் தருகிற தர உள்ளீட்டுக் காசும் தலைக்கணக்கைப் பார்த்தே வருகிறபடியால் அதுவும் சுருங்கும். மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் மட்டும் பிள்ளை குறைந்ததென்று குறைவதில்லை. "அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று 2016இல் அரசாங்கமே ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் சரியாகத்தான் வைத்தார்கள். கட்டடம் வந்த பல இடங்களுக்கு ஆசிரியர் வரவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். காசு அனுப்ப முதல் அதிபரிடம் நேரசூசியை வாங்கு. எந்த வகுப்புக்கு எந்த வேளையில் யார் எந்தப் பாடம் எடுக்கிறார் என்று கட்டம் கட்டமாகக் காட்டுகிற அட்டவணை அது. வெறும் நேரசூசியில் ஒன்றும் தெரியாது, எல்லாக் கட்டத்திலும் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். அதோடு ஆசிரியர் பட்டியலையும் கேள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நியமனப் பாடம் ஒரு நிரலிலும் இப்போது கற்பிக்கும் பாடம் அடுத்த நிரலிலும் இருக்க வேணும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்: தரம் 10 கணிதத்துக்கு நேரே இருக்கிற பெயர் வர்த்தகத்துக்கு நியமனம் பெற்றவருடையது. தரம் 8 விஞ்ஞானத்தை ஆரம்பக் கல்வி ஆசிரியை எடுக்கிறார். மொத்தத் தலைகள் ஆளணிக்குச் சரியாக இருப்பதால் வலயக் கல்வி அலுவலகத்தின் கோப்பில் வெற்றிடமே இல்லை! ஒரு பாடத்தில் மிகையாக இருப்பவர்கள் இன்னொரு பாடத்தின் பற்றாக்குறையை மூடி மறைத்துவிடுகிறார்கள். ஆசிரியர் கேட்டு எழுதும் கடிதங்கள் திரும்பத் திரும்பப் பதிலில்லாமல் போவதற்கு இதுதான் முக்கிய காரணம் என்பேன். "எங்களுக்கு ஆசிரியர் போதாது" என்று எழுதினால் பலிக்காது. "தமிழ் மொழிமூலக் கணிதம், தரம் 9 முதல் 11 வரை, வாரத்துக்கு இத்தனை பாடவேளை, நியமனம் பெற்றவர் எவருமில்லை" என்று எழுத வேணும்.

அதிபர் தரத் தயங்கினால் அவரோடு கோபிக்காதே. மேலிடத்துக்கும் பெற்றோருக்கும் நடுவில் நிற்கிற மனுசன் அவர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரசைகள்தான் கேட்கலாம் என்பதால், கனேடியப் பிரசையான நீ போட முடியாது. இங்கே ஒரு பெற்றோர் போடட்டும். வலயத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்றே கேள்வி: அங்கீகரிக்கப்பட்ட ஆளணி பாடவாரியாக எவ்வளவு, இப்போது இருப்பவர்கள் பாடவாரியாக எத்தனை பேர், கடந்த மூன்று வருடமும் பாடசாலைக்கு வந்த தர உள்ளீட்டு நிதி எவ்வளவு. கையளித்ததற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி வாங்க மறக்கக்கூடாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும். "ஏன் ஆசிரியர் அனுப்பவில்லை?" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது, முறைப்பாடாகிவிடும், பதிலும் மழுப்பலாக வரும். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும்.

தொண்டர் ஆசிரியர் விஷயத்தில் எனக்குப் பயம் இருக்கிறது. நீங்கள் கொடுப்பனவு கொடுத்து ஒருவரை நிறுத்தினால் வகுப்பு நடக்கும், பெற்றோர் சத்தம் போடமாட்டார்கள், வலயமும் மறந்துவிடும். இரண்டு வருடத்தில் உங்கள் சேகரிப்பு வற்றினால் பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள். படிப்பித்த தொண்டர் ஆசிரியரும் நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் நிற்பார். வடக்கு கிழக்கில் இதை எத்தனை வருடமாகப் பார்க்கிறோம். சாதாரண தரம் எழுதப்போகிற வகுப்பைக் கைவிட முடியாதுதான். ஆகவே தரம் 11 கணிதத்துக்கு மட்டும், ஒரே ஒரு வருடத்துக்கு என்று எழுத்தில் வைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு தவணையும் வெற்றிடக் கடிதம் வலயத்துக்கும் அதன் நகல் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் போக வேணும் என்பதையும் நிபந்தனையாக வையுங்கள்.

மிச்சக் காசுக்கு வளைவை விட நல்ல வழி காகிதம். கணக்குப் போட்டுப் பார்: தரம் 6 முதல் 11 வரை 300 பிள்ளைகள், எட்டுப் பாடம், வினாத்தாளுக்கு மூன்று தாள், வருடத்துக்கு மூன்று தவணையும் பரீட்சை வைத்தால். 21,600 தாள், அதாவது 500 தாள் றீம் 43க்கு மேல். மையும் இயந்திரத் திருத்தமும் வேறு. இந்தச் செலவைத்தான் பல பாடசாலைகள் பிள்ளையிடம் அறவிடுகின்றன. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சையே ஒத்திப்போனது. அதைக்கூட நிரந்தரமாக உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம், இரண்டு தவணைக்குப் போதும்.

அரசாங்கத்திடம் காசில்லை என்பாய். பாடநூல் 1980இலிருந்தும் சீருடைத் துணி 1993இலிருந்தும் இலவசம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகும் அவை நிற்கவில்லை. 2025இல் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 6,000 ரூபா எழுதுபொருள் கொடுப்பனவும் வந்தது. கேட்கிற இடத்தில் கேட்டால் அசைகிறது. ஆனால் மொத்தத் தொகை போதாது. யுனெஸ்கோ முன்வைத்து 2015இல் நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம். நாங்கள் நெடுங்காலமாக 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறோம். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 சதவீதம் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்துக்கான கூத்து என்றார்கள் பலர். எனக்கு அப்போதும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

அந்த 2 சதவீதத்தின் விளைவு இரண்டு முனையிலும் தெரிகிறது. முன்பள்ளிக்குப் பெரும்பாலும் பெற்றோர்தான் கட்டுகிறார்கள். கொழும்பு மாநகரசபை நடத்துகிறவை சிலருக்குத்தான் கிடைக்கும். மேல் முனையில், உயர்தரத்தில் தகைமை பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். மற்றவர்களில் கடன் வாங்கக்கூடியவர்கள் தனியாருக்குப் போகிறார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேணும், இப்போது வேண்டாம்.

வளைவுக்கு மேசனிடம் மதிப்பீடு கேட்டிருப்பதாக எழுதினாய், அதை அப்படியே நிறுத்தி வை. நேரசூசியும் ஆசிரியர் பட்டியலும் உன் கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. வெற்றிடக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையொப்பத்தோடு போகட்டும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
ரவி