வருடா வருடம் வெட்டுப்படும் அரசங்கன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் சந்திப்பில் உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைத்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வருடம் தவறாமல் நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும். ஆனால் நான் எழுத வந்தது தூணைப் பற்றி அல்ல, கோட்டை மதிலில் முளைத்திருக்கும் ஓர் அரசங்கன்றைப் பற்றி.

கன்று என்று பழக்கத்தில் சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன் முதன்முதலில் பார்த்தபோது என் சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது. மதில் மேல் நடக்கிற பாதையில், கைப்பிடிச் சுவருக்குக் கீழே இரண்டு கல்லுக்கு நடுவில் எட்டிப் பார்த்தது. அப்போதே பிடுங்கியிருந்தால் வேரோடு கையில் வந்திருக்கும். பிடுங்கவில்லை. அது காக்கப்பட்ட சின்னம், அதில் கை வைக்க நாம் யார் என்று ஒரு தயக்கம். இப்போது அதன் அடிக்கட்டை என் முன்கையை விடப் பருமன். மேலே இருக்கிற கல், தன் வரிசையிலிருந்து ஒரு விரற்கடை வெளியே தள்ளி நிற்கிறது.

இத்தனைக்கும் அந்த மரத்தை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனி மாதக் கடைசியில், அஞ்சலி நாளுக்கு முன்னால், கோட்டையைச் சுத்தம் செய்ய ஆட்கள் வருவார்கள். கொடுவாளால் ஒரே வெட்டு. கிளை கீழே விழும், சுவர் சுத்தமாகத் தெரியும். நான் வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலையில் சந்தன மரத்துக்குக் காவல் இருந்த காலமும் உண்டு, அமிர்தியில் நாற்றங்கால் பார்த்த காலமும் உண்டு. மழைக்கு முன்னால் அடியோடு வெட்டிவிட்டால் மரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கரும்புக்கு மறுதாம்பு விடுகிறோமே, அதேதான். ஒரு கிளை இருந்த இடத்தில் நான்கு கிளை வரும். மேலே இலை இல்லாத கோபத்தையெல்லாம் வேர் கல்லுக்குள் காட்டும். ஆக, பதினோரு வருடமாக அந்த மரத்தை நாம் அழிக்கவில்லை, கவாத்து செய்து வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன வருடம் வெட்டிக்கொண்டிருந்த பையனிடம் இதைச் சொன்னேன். “பெரியவரே, வெட்டச் சொன்னாங்க, வெட்டறேன். வேரைப் பத்தி யாரும் சொல்லலையே” என்றான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன், சுவர் மட்டும்தான் எங்கள் பொறுப்பு, மரத்துக்கு வேறு இடம் போங்கள் என்றார்கள். அந்த வேறு இடத்தில், மரம் சுவரில் இருப்பதால் எங்களால் தொட முடியாது என்றார்கள். சரி, அகழியில் மிதக்கிற பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்கலாம் என்று மூன்றாவது இடத்துக்குப் போகக் கிளம்பி, வழியில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

என் மாமனார் ஊர் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே சொல்லும் அளவுக்கு வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். என் மைத்துனரும் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். ஒருமுறை அவரைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். கோயில், தேவாலயம், மசூதி, மகால்கள், அருங்காட்சியகம் எல்லாம் பார்த்தார். வெளியே வரும்போது, “மாமா, எங்க ஆளுங்கள நிக்க வெச்சு சுட்ட சுவர் எது?” என்று கேட்டார். அவர் “எங்க ஆளுங்க” என்று சொன்னது 1806-இல் செத்துப்போன சிப்பாய்களை. அன்று எங்களுக்கு அதைக் காட்ட ஆளில்லை.

அந்த விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகைதான் கட்ட வேண்டும் என்று உத்தரவு. மறுநாள் காலையில் அணிவகுப்புப் பயிற்சி என்பதால் சிப்பாய்களை அன்றிரவு கோட்டைக்குள்ளேயே படுக்கச் சொன்னார்கள். ஜூலை 10, பொழுது விடியும் முன்பே 69-ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூங்கிய பாசறை மீது துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்டது. கோட்டையில் திப்பு சுல்தானின் மைசூர்க் கொடி ஏறியது. சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து 25 கிலோமீட்டர் குதிரையில் வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி, உள்ளே நுழைய வழியில்லாமல் கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி வாசல் கதவை உடைத்தது. அப்புறம் நடந்தது சண்டை இல்லை. பிடிபட்டவர்களில் சுமார் நூறு பேரை, பந்தடித்து விளையாடும் சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள்.

இதில் எந்த இடத்தைப் பாருங்கள், நிலம் இருக்கிறது. மதிலின் உயரம், அகழியின் அகலம், பாசறைக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த வெட்டவெளி, எங்கே நின்றால் எது தெரியும் என்பது. இதை விட்டுவிட்டு, கட்டடத்துக்கு மட்டும் பலகை வைத்தால் கதை புரியாது. 133 ஏக்கர் கோட்டையில் கல் எத்தனை முக்கியமோ, அத்தனை முக்கியம் கல் இல்லாத காலி இடமும்.

இது எனக்கு உறைத்தது வெளியூரில். மகள் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறாள். 2018-இல் மூன்று மாதம் இருந்தபோது, மாப்பிள்ளை கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குக் கூட்டிப்போனார். 1863 ஜூலை முதல் மூன்று நாள் அவர்கள் உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த இடம். நான் பீரங்கியும் சிலையும் பார்க்கலாம் என்று போனேன். வழிகாட்டியாக வந்தவர், இங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் மரத்தை வெட்டினோம் என்று பெருமையாகச் சொன்னார். வனவர் காதில் விழுகிற பேச்சா இது? மாப்பிள்ளையிடம், “இவர் என்னங்க, மரம் வெட்டினதை மெடல் வாங்கின மாதிரி சொல்றாரு?” என்றேன்.

விஷயம் அப்புறம்தான் புரிந்தது. சண்டை நடந்தபோது அது திறந்த வயல். பின்னால் நூறு வருடத்தில் மரம் மண்டி, யார் யாரைப் பார்த்துச் சுட்டார்கள் என்பதே தெரியாமல் போய்விட்டது. அதனால் பின்னால் வந்த மரத்தை எடுத்துவிட்டு, அன்று பழத்தோட்டம் இருந்த இடத்தில் திரும்பப் பழமரம் நட்டு, மரவேலியைப் பழைய கோட்டிலேயே போட்டிருக்கிறார்கள். வயலை உள்ளூர் விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள், பயிர் வைத்தால்தான் வயல் வயலாக இருக்கும். அதே சமயம், போர் நடந்த அன்றே நின்றிருந்த மரங்களைச் சாட்சி மரம் என்று பெயர் சொல்லிக் காப்பாற்றுகிறார்கள். மான் பெருகி இளங்கன்றையெல்லாம் மேய்ந்ததால் மான் எண்ணிக்கையையும் குறைக்கிறார்கள். களத்தைப் பார்க்க என்று தனியார் கட்டிய உயரமான கோபுரம், காட்சியைக் கெடுக்கிறது என்று 2000-ஆம் வருடம் ஜூலை 3 அன்று வெடி வைத்துத் தகர்த்திருக்கிறார்கள்.

அங்கே செய்ததை இங்கே அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். 40 டிகிரிக்கு மேல் காய்கிற வெயிலூரில் நிழல் தரும் வேப்ப மரத்தில் கை வைத்தால் முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். நான் அங்கே கற்றது ஒன்றுதான்: எந்த மரம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று யோசித்து முடிவு செய்து, அதை எழுதி வைத்து, அதன்படி நடக்கிறார்கள். கல்லுக்கும் மரத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே திட்டம், அதைப் பார்க்க ஒரே ஆள்.

தண்ணீர் என்றதும் 2021 நவம்பர் ஞாபகம் வருகிறது. அந்த மழையில் அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. ஏறத்தாழ நானூறு வருடம் பூஜை இல்லாமல் கிடந்து, 1981 மார்ச்சில்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்த கோயில். பெயரிலேயே ஜலம் இருக்கிறது, அதனால் சாமியே தண்ணீரை வரவழைத்துவிட்டார் என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு. சாமி பாவம். உபரி நீர் வெளியேறுகிற பழைய வழி அடைத்துக் கிடந்தால் தண்ணீர் எங்கே போகும்? அகழி கட்டியவன் நீர் வரவும் வழி வைத்தான், போகவும் வழி வைத்தான். நாம் தூர் வாருவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் போகிற வழியைப் பற்றிப் பேசுவதில்லை. மதில் அடிக்கல் ஒரே மட்டத்தில் நனைந்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் முங்கி ஒரு மாதம் காய்ந்தால்தான் சாந்து கரைந்து கல் அசையும்.

சாந்து விஷயத்திலும் ஒரு சங்கடம். சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமெண்ட் பூசுவது பல ஊர்களில் நான் பார்த்தது. ஆரணிப் பக்கம் ஒரு பழைய கொத்தனார், கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த கை, சொன்னார்: “சிமெண்டு கல்லோட சண்டை போடும் சார். சுண்ணாம்பு அனுசரிச்சுப் போவும்.” சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். அந்த ஈரத்தில்தான் அரச விதைக்கு வாழ்வு. காக்கையும் மைனாவும் பழம் தின்று எச்சமிட்ட விதை, வெடிப்பில் ஈரம் கிடைத்தால் போதும், மண்ணே வேண்டாம் அதற்கு.

ஆகவே, சுத்தம் செய்கிற மாதத்தை மாற்றுங்கள். மழை ஓய்ந்த மார்கழி, தையில் மதிலைச் சுற்றி வந்தால் அந்த வருடம் முளைத்த கன்றெல்லாம் விரலால் பிடுங்கும் அளவில் இருக்கும். முற்றிய கட்டையைப் பிடித்து இழுக்கவே கூடாது, இழுத்தால் கல்லும் கூட வரும். அதை வெட்டிய வெட்டுவாயிலேயே மருந்து தடவி, வேர் செத்துச் சுருங்கும் வரை விட்டு, அப்புறம் நறுக்கி எடுத்து, அந்தச் சந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். இரண்டு பருவம் ஆகும். அடைப்பதற்கு முன் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளி ஆந்தை மாசி, பங்குனியில் மதில் பொந்துக்குள்தான் குஞ்சு வைத்திருக்கும். சாயங்காலம் மதில் விளிம்பில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்கிறதே, அதுவும் கோட்டையின் சொத்துதான், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத சொத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. 1958-இன் மத்தியச் சட்டமும் 2010-இல் வந்த திருத்தமும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கின்றன. வீடு கட்டுகிறவனைத் தடுக்க அது போதும். விதை போடுகிற காக்கையை எந்தச் சட்டமும் தடுக்காது, அதற்கு ஏணி வைத்து ஏறுகிற ஆள்தான் வேண்டும்.

கோட்டையாவது கல்லில் நிற்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. பழைய வட ஆற்காட்டில் கல் இல்லாத களங்கள் எத்தனை! 1749 ஆகஸ்டில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் சுடப்பட்டு விழுந்த ஆம்பூர்க் கணவாய் வழியாகத்தான் இன்று பெங்களூர் பஸ் போகிறது, பிரியாணி வாசனையில் யாருக்கும் நவாப் நினைவு வருவதில்லை. 1760 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிய வந்தவாசி, 1781-இல் ஹைதர் அலி சண்டையிட்ட சோளிங்கர். ஆற்காட்டில் 1751-இல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் டெல்லி கேட்தான் மிச்சம். சோற்றை வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைத் தாங்கள் குடித்துக்கொண்டார்கள் நம் சிப்பாய்கள் என்று அந்த முற்றுகையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஐம்பத்தைந்து வருடம் கழித்து வேலூரில் சுடப்பட்டது அந்தச் சிப்பாய்களின் பேரன்மார் தலைமுறை. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரே நாளில் இரண்டையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் பாடப்புத்தகத்தில் இல்லாதது புரியும்.

நீளமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இன்று காலையும் போய்ப் பார்த்தேன். போன மாதம் வெட்டிய கட்டையில் ஐந்து துளிர், செம்பு நிறத்தில், மழையில் நனைந்து பளபளவென்று இருக்கிறது. மார்கழியில் யாராவது ஏணியோடு வருவதாக இருந்தால், எந்தக் கல் என்று நான் காட்டுகிறேன். காலை ஆறிலிருந்து எட்டு வரை மதில் மேல்தான் நடந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனவர் ஒருவர்,
வேலப்பாடி, வேலூர்.