செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய தொழிற்சாலைக் காணியும் எங்கள் கிணறுகளும்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மட்டக்குளி அயலவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

டெங்கு ஒழிப்புச் சிரமதானம், பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கல், வாணி விழா என்று வழமையான வேலைகள் இந்த வருடமும் நல்லபடியாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக் காணியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே உலோகப் பூச்சு வேலை நடந்ததும் எண்ணெய்த் தாங்கிகள் இருந்ததும் மூத்தவர்களுக்குத் தெரியும். இப்போது தொடர்மாடி கட்டப் போகிறார்கள். எங்களில் பலருக்குக் குழாய்நீர் இருக்கிறது, ஆனாலும் குளிக்க, உடுப்புத் துவைக்கக் கிணறுதான். தண்ணீர் வெட்டு நாட்களில் சமையலுக்கும் அதுதான்.

மண் பரிசோதனை முடிந்துவிட்டது என்று கட்டுமானத் தரப்பு சொன்னது. அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். அத்திவாரம் பாரம் தாங்குமா என்று பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஈயம், குரோமியம், எண்ணெய் எதையும் தேடவே இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை என்பதை ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்க வேண்டியிருந்தது.

அப்படியென்றால் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் போதாது. எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் ஆய்வுகூடம் தேடும். முறையான ஆய்வு பழைய வரைபடங்களிலிருந்தும் வேலை செய்தவர்களின் ஞாபகத்திலிருந்தும் தொடங்கும். தாங்கி எங்கே புதைந்திருந்தது, கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிந்தால்தான் துளையிடும் இடம் தெரியும். நிலத்தடி நீர் ஓடும் திசையை அறிய, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளாவது, அதாவது நீர்மட்டம் அளக்கவும் மாதிரி எடுக்கவும் இடும் துளைகளாவது, வேண்டும். களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம்; வற்றுப்பெருக்கால் நீர்மட்டம் மாறக்கூடும் என்பதால் எல்லாக் கிணறுகளையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். டீசல் நீரின் மேல் மிதக்கும். உலோகத்தில் கிரீஸ் போக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎதிலீன் கீழே இறங்கும். ஒரே ஆழத்தில் மட்டும் மாதிரி எடுத்தால் இரண்டில் ஒன்று தப்பிவிடும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். மின் நிலைய எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வந்தது கிணறுகள் கெட்ட பிறகு. நாங்கள் கேட்பது அத்திவாரம் தோண்டுவதற்கு முந்திய ஆய்வை. ஆழமாகத் தோண்டும்போது ஊற்று நீரை இறைத்து வெளியேற்றுவார்கள். அந்த இறைப்பே மாசை இருந்த இடத்திலிருந்து நகர்த்திவிடலாம். அதனால் ஆய்வு மதிலோடு நிற்காமல் எங்கள் கிணறுகளையும் சேர்த்தே நடக்க வேண்டும்.

இதை மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்னோர் அலுவலகத்திடமும் ஆவணங்கள் கேட்டோம். பதில் பிந்தி வந்தது, அதிலும் பாதிதான் வந்தது. மேன்முறையீடு செய்திருக்கிறோம்.

ஆய்வு நடந்து அதன் முடிவு வரும்வரை கிணற்று நீரைக் குடிக்கவோ அதில் சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம்தான். நிறம், மணம், ருசி எதிலும் அது தெரியாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீடுகளிடம் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள். பழைய படம், அடையாள அட்டை, சம்பளத் துண்டு எதுவும் உதவும். பெயரை வெளியே சொல்ல மாட்டோம். கோப்பு முழுவதையும் இன்று புதிய நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கிறேன்.