அந்த இரவில் எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த செவிலியருக்கு

பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் போன சகோதரிக்கு,

எட்டாம் மாதத்திலேயே பிறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த எங்கள் மகளின் உயிர், எங்கள் சேகரத்தின் (சபை வட்டாரத்தின்) குருவானவர் வந்து சேரும்வரை தங்குமோ என்று நாங்கள் கலங்கி நின்றபோது, "நான் கொடுக்கட்டுமா, அண்ணே?" என்று கேட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே அவள் நெற்றியில் தண்ணீர் வார்த்த உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆபத்து வேளையில் குருவானவர் அல்லாத விசுவாசி கொடுப்பதும் முழுமையான ஞானஸ்நானமே என்பது, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) மரபில் வளர்ந்த எங்களுக்கே அன்று நினைவில் இல்லை.

அதைவிடப் பெரிய உதவி, சொன்ன வார்த்தைகளையும் நேரத்தையும் எழுதி நீங்கள் கொடுத்த துண்டுச்சீட்டு. அப்படிப்பட்ட பிள்ளை பின்னர் ஆலயத்துக்குக் கொண்டுவரப்படும்போது, யார் கொடுத்தார், எதைக் கொண்டு கொடுத்தார், என்ன வார்த்தைகளைச் சொன்னார் என்று விசாரிக்கும்படி ஆங்கிலிக்கன் வழிபாட்டு முறைகளைக் கொண்ட 1662ஆம் ஆண்டின் ஜெபப்புத்தகம் சொல்கிறது. விடை ஐயத்துக்கு இடமாக இருந்தால், "நீ முன்பே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் சீட்டைப் பார்த்த குருவானவருக்கு அந்த ஐயமே எழவில்லை.

மகள் தேறிவிட்டாள். சென்ற ஞாயிறு ஆராதனையில் சபை அவளை ஏற்றுக்கொண்டது. பதிவேட்டில் அந்த இரவின் தேதியே எழுதப்பட்டது. சீட்டு எங்கள் வேதாகமத்துக்குள் இருக்கிறது; அவள் வளர்ந்து தன் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தல் நாளில் அவள் கையில் கொடுப்போம்.