சுண்ணாம்பு தந்த மேசன் ஐயாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள பழைய செங்கல் வீடு தப்பிவிட்டது. முன்சுவர் உதிரத் தொடங்கியிருந்தது, வீட்டைக் காப்பாற்ற விண்ணப்பமும் எழுத வேண்டியிருந்தது. நடந்ததை முழுதாக மறுபடி எழுத மனம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் மேசன் ஐயாவை யாரும் கூப்பிடவில்லை. முன்சுவருக்குச் சீமெந்து பூசப்போவதாகக் கேள்விப்பட்டுத் தானே வந்தார். செங்கல்லை நகத்தால் சுரண்டினார், மாவாக உதிர்ந்தது. “தம்பி, சீமெந்து வேண்டாம்” என்றவர், தன் வீட்டு வேலைக்கென்று தண்ணீர் விட்டு நீற்றி வைத்திருந்த இரண்டு பீப்பாய்ச் சுண்ணாம்பை அனுப்பிவைத்தார். காசு வாங்கவே இல்லை.

அதன் பெறுமதி வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது மூன்று மாதமாவது தண்ணீருக்கடியில் ஊற வேண்டும். நீறாத துணிக்கை இருந்தால் பூசிய பிறகு பொங்கிச் சாந்தைப் பிளக்கும். நாங்கள் புதிதாக நீற்றத் தொடங்கியிருந்தால் மே மாத மழை முந்தியிருக்கும்.

பழைய செங்கல் மென்மையானது. சீமெந்து அதைவிட இறுகியது, ஈரத்தையும் எளிதில் விடாது. சுவருக்குள் ஏறிய தண்ணீர் செங்கல்லின் முகப்பு வழியாகவே வெளியேறும். அங்கே உப்புப் பூத்து முகப்பைச் செதிள் செதிளாகத் தள்ளும். சுண்ணாம்புச் சாந்தென்றால் தேய்வது சாந்துதான், கல் தப்பும். ஐயா சொன்னபடி, செங்கற்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளைக் கிறைண்டர் படாமல் கையுளியால் ஓரங்குல ஆழம் சுரண்டி, தூசி தட்டி, நனைத்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல். கடல்மணல் கூடாது, உப்பு. சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் மெல்ல இறுகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் தூளாகிவிடும். அதனால் ஒரு கிழமை ஈரச்சாக்குத் தொங்கவிட்டோம்.

பழைய காணி உறுதிப் பத்திரத்தையும் நில அளவைப் படத்தையும் தேடித் தந்தவர்கள், கூலியில்லாமல் விண்ணப்பம் எழுதிய சட்டத்தரணி, உடைந்த கள்ளிக்கோட்டை ஓட்டுக்கு மாற்று ஓடு கொடுத்த அயலவர்கள், சாக்கு நனைத்த பிள்ளைகள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கட்டடத்தையும் வர்த்தமானி அறிவித்தலால் பாதுகாக்கலாம். ஆனால் வயதைக் காட்ட ஆவணம் வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய உறுதிகளைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள்.

பின்சுவரில் முன்பு யாரோ பூசிய சீமெந்து இன்னும் இருக்கிறது. வருகிற தை மாத வெயிலில் அதைக் கையுளியால் எடுப்போம். பிளாஸ்டிக் பெயின்ட் இந்தச் சுவரில் இனிப் படாது, சுண்ணாம்பு வெள்ளைதான். ஐயாவின் இரண்டு பீப்பாய்களையும் நிரப்பி மறுபடி நீற்றி வைத்திருக்கிறோம். கொழும்பில் பழைய செங்கல் சுவரைக் காப்பாற்ற யாருக்காவது அவசரம் என்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.